வளரும் பருவமும் வளையும் முதுகெலும்பும்

'கூன்' என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. பாவின் அடியளவுக்குப் புறம்பாகத் தனித்து நிற்கும் சொல்லைக் கூன் என வழங்குவதை யாப்பிலக்கணம் பயிலும் மாணவர்கள் அறிவர். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், மக்கட் பிறப்பில் நேரும் குறைகள் எட்டினை எண்ணுமிடத்துக் கூனையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. கலித்தொகையின் மருதக்கலியில் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் ஒருவரையொருவர் எள்ளி உரையாடுகின்றனர். கம்பன் காவியத்திலோ மந்தரையின் முதுகுக் கோணல் அவளுடைய மனக்கோட்டத்தின் புறச்சின்னமாகவே கொள்ளப்படுகிறது. ஆக, நம் இலக்கிய மரபில் முதுகின் வளைவு பிறவிக் குறையாகவோ, நகைப்புக்கு உரியதாகவோ, உள்ளத்தின் கோணலாகவோ கருதப்பட்டு வந்துள்ளது எனலாம்.

இம்மூன்றிலும் அடங்காத ஒரு வளைவு உண்டு. நேரிய முதுகுடன் பிறந்து, நன்கு ஓடியாடி வளர்ந்த குழந்தைக்குப் பத்து வயதைக் கடந்தபின், எந்த நோயும் வலியும் இன்றி, முதுகெலும்பு மெல்லப் பக்கவாட்டில் வளையத் தொடங்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு தோள் உயர்ந்தும் மறுதோள் தாழ்ந்தும் போகிறது. வீட்டிலுள்ளோர், "நிமிர்ந்து உட்கார், கூனாதே" என்று கடிந்துகொள்கின்றனர். அண்டை வீட்டார், "புத்தகப் பையைத் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆயிற்று" என்கின்றனர். பெண் குழந்தையாயின் தாயின் கவலை திருமணத்தை எண்ணிச் செல்கிறது. இவ்வளைவு எவ்வாறு உண்டாகிறது, எவ்விசைகள் அதை வளர்க்கின்றன என்பதை அறிந்தால், இக்கடிந்துரையில் எவ்வளவு நியாயம் உண்டு என்பது தாமே விளங்கும்.

மருத்துவ நூலார் இதனை ஸ்கோலியோசிஸ் என்பர். கோணல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் இது. நாம் பக்கவளைவு என்று கொள்வோம். பத்து முதல் பதினாறு வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குச் சிறிதளவேனும் இவ்வளைவு காணப்படுகிறது. சிறு வளைவுகளில் ஆண், பெண் வேறுபாடு பெரிதில்லை. 30 பாகையைக் கடந்த பெரு வளைவுகளிலோ பெண்களே மிகப் பெரும்பான்மையினர். இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பின்னர் நோக்குவோம்.

முதுகென்னும் தூண்

மனித முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அவற்றின்கீழ்த் திருகெலும்பும் வாலெலும்பும் ஒட்டிணைந்து நிற்கின்றன. முள்ளெலும்புகளின் இடையிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. பக்கவாட்டில் நின்று நோக்கினால் இத்தொடர் நேர்க்கோடாக இராது. கழுத்து முன்வளைந்தும், மார்புப் பகுதி பின்வளைந்தும், இடுப்பு மீண்டும் முன்வளைந்தும் காணப்படும். இவ்வளைவுகள் இயற்கையானவை, வேண்டற்பாலன. ஆனால் பின்புறம் நின்று நோக்குங்கால் தொடர் நேராகவே இருத்தல் வேண்டும். அங்கே இடமோ வலமோ சாய்ந்து வளைவதே நாம் ஆராயும் பொருள்.

இவ்வளைவு பக்கச்சாய்வு மட்டுமன்று. முறுக்கிய கயிறுபோல முள்ளெலும்புகள் தம் அச்சில் திரும்பியும் விடுகின்றன. மார்பு முள்ளெலும்புகளோடு விலா எலும்புகள் பிணைந்திருப்பதால், எலும்பு திரும்பும்பொழுது விலாவும் உடன் திரும்பி, முதுகின் ஒரு பக்கம் புடைத்து எழுகிறது. உலகம் கூன் என்று காண்பது பெரும்பாலும் இப்புடைப்பையே.

நிற்கும் பாங்கினால் தோன்றும் சாய்வையும் எலும்பே மாறிவிட்ட வளைவையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. ஒரு கால் மற்றதைவிடச் சற்றே குட்டையாயிருப்பின் இடுப்பு சாய்ந்து, முதுகும் சாய்ந்து நிற்கும். அக்குழந்தை அமர்ந்தாலோ படுத்தாலோ சாய்வு மறைந்துவிடும். ஒரு தோளில் பையை மாட்டும்பொழுது உண்டாகும் சாய்வும் பையை இறக்கியதும் நீங்கிவிடும். முறுக்கேறிய வளைவோ படுத்தாலும் முற்றும் மறையாது.

பழியேற்ற நாற்காலியும் பையும்

குழந்தைகளின் முதுகு வளைவதற்கு இருக்கையையும் இருப்பையும் குறைகூறுவது நம் காலத்து வழக்கம் மட்டுமன்று. பிரான்சு நாட்டு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி 1741இல் ஒரு நூல் வெளியிட்டார். 'நேர்' எனவும் 'குழந்தை' எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'ஆர்த்தோபீடி' என்னும் சொல்லை அவரே படைத்தார். இன்று எலும்பு மருத்துவத் துறைக்கு வழங்கும் பெயர் அதுவே. பெரியோருக்கும் அத்துறை மருத்துவம் செய்தாலும் அதன் பெயருக்குள் ஒரு குழந்தை இருப்பது சொல்லாய்வில் ஈடுபாடுடையோர்க்குச் சுவை தரும் செய்தியாகும். ஆந்திரி, குழிந்த இருக்கையுள்ள நாற்காலிகளையும் தவறான இருப்புகளையும் காரணமாகக் கருதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பள்ளி மேசைகள் மீது இப்பழி விழுந்தது. எழுத்தைச் சாய்த்து எழுதுவதால் முதுகு சாய்கிறது என்று வாதிட்டு, நேர்நிலை எழுத்தைப் பள்ளிகளில் புகுத்த முனைந்தோரும் உண்டு.

இன்று அப்பழி புத்தகப் பைக்கு மாறியிருக்கிறது. பையின் எடையைக் குறைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டது. நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவர் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்றது. இவை வரவேற்கத்தக்கவை. மிகு சுமை முதுகுவலியைத் தருகிறது. குழந்தையை முன்னோக்கிக் குனிந்து நடக்கச் செய்கிறது. எனினும் முறுக்கேறிய பக்கவளைவைப் புத்தகப் பை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒரே வகுப்பில், ஒரே எடையுள்ள பையைச் சுமக்கும் நூறு பேரில் ஓரிருவருக்கு மட்டும் வளைவு தோன்றுவானேன் என்னும் வினாவுக்குப் பை விடை தராது. விடையை வளர்ச்சிக்குள்ளேயே தேடவேண்டும்.

உயரமும் தாங்குதிறனும்

மெல்லிய மூங்கிற்கழி ஒன்றைத் தரையில் ஊன்றி மேலிருந்து அழுத்தினால் ஓரளவு வரை அது நேராகவே நிற்கும். அவ்வளவைக் கடந்ததும் நசுங்காமல் திடுமெனப் பக்கவாட்டில் வளையும். சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித மேதை லியோனார்டு ஆய்லர் இதற்குரிய விதியை 1744இல் வகுத்தார். மற்றவை மாறாதிருக்க, தூணின் உயரம் இருமடங்கானால் வளையாமல் அது தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறையும். உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினாற்கூடத் தாங்குதிறன் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பருமனும் உடன் பெருகினால்தான் இக்குறை ஈடுசெய்யப்படும்.

பெண் குழந்தைகள் பதினோரு பன்னிரண்டு வயதளவில், பூப்பெய்துவதற்குச் சற்று முன்னர், ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் வரை உயர்கின்றனர். உயரம் முந்துகிறது, எலும்பின் பருமனும் தசையின் வலிமையும் பின்தங்கி வருகின்றன. ஆண் குழந்தைகளுக்கு இவ்வேகம் பதின்மூன்று பதினான்கு வயதில் வருகிறது. ஒத்த உடலளவுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் பெண்ணின் முள்ளெலும்பு குறுக்களவில் சிறியது. மெலிந்த தூண் விரைந்து உயர்வதனால் விளையும் இடர், பெரு வளைவுகள் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதன் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தசைகளை நீக்கிவிட்டு எலும்பும் இணைப்பு நாருமாக மட்டும் எஞ்சிய மார்பு, இடுப்பு முதுகெலும்புத் தொடர் எவ்வளவு சுமை தாங்கும் என்று கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1961இல் அளந்தனர். ஏறத்தாழ 2 கிலோ எடையிலேயே அது வளைந்துவிட்டது. நம் தலை மட்டுமே அதனினும் கனமானது. அவ்வாறாயின் நாம் நிமிர்ந்து நிற்பது எவ்வாறு? கடற்கரையூர்களில் பிறந்தோர்க்கு விடை எளிது. பாய்மரத்தை நிறுத்துவது மரத்தின் வலிமை மட்டுமன்று. நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளே. முதுகுத் தண்டுக்குத் தசைகள் அக்கயிறுகள். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு பக்கத் தசைகள் செயலிழந்த குழந்தைகளின் முதுகு கடுமையாக வளைந்துபோனமை இதற்குச் சான்றாகும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்னும் அறுவை மருத்துவர், முதுகை உலோகத் தண்டு பொருத்தி நிமிர்த்தும் முறையை 1950களில் வகுத்தது அத்தகைய குழந்தைகளுக்காகவே. இந்தியா 2014இல் அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் இன்றைய மாணவர் அவ்வளைவைக் காண்பது அரிது.

காரணம் புலப்படாத பக்கவளைவிலோ தசைகள் செயலிழப்பதில்லை. அங்கே முதற்கோணல் எவ்வாறு நேர்கிறது? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராபர்ட் டிக்சன் குழுவினர் 1980களில் ஒரு கருத்தை முன்வைத்தனர். மார்பு முள்ளெலும்புகளின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட விரைந்து வளர்ந்து நீண்டுவிடுகிறது. பின்னுள்ள இணைப்பு நார்கள் நீண்டு கொடுப்பதில்லை. குட்டையான துணியோடு நீளமான துணியைச் சேர்த்துத் தைத்தால் நீண்டது சுருக்கம் விழுந்து பக்கவாட்டில் பிதுங்குவதைத் தையல் அறிந்தோர் கண்டிருப்பர். அதுபோல நீண்ட முன்பக்கம் இடமின்றிப் பக்கவாட்டில் விலகித் திரும்புகிறது. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் ரெனே காஸ்டெலைன் குழுவினர் மனிதனின் நிமிர்நிலையையே ஆராய்ந்தனர். நிமிர்ந்து நிற்கையில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளைப் பின்புறமாகத் தள்ளும் விசை தாக்குகிறது. அதனால் அவை தம் அச்சில் திரும்புவதைத் தடுக்கும் உறுதி குறைகிறது என்பது அவர்தம் முடிபு.

விலங்காய்வு ஒன்றும் இதனோடு ஒத்துச் செல்கிறது. மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி நீக்கப்பட்ட எலிகளுள், இரண்டு கால்களில் நிற்குமாறு செய்யப்பட்டவற்றுக்கே முதுகு வளைந்தது. நான்கு காலில் நடந்தவற்றுக்கு வளையவில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் இதனை வெளியிட்டனர். பரம்பரையின் பங்கும் இதில் உண்டு. ஒரே குடும்பத்தில் பலருக்கு இவ்வளைவு வருதல் நெடுங்காலம் அறியப்பட்ட செய்தி. முதற்கோணலுக்கு ஒரே காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. அது எவ்வாறு பெருகுகிறது என்பது தெளிவாகவே புலப்பட்டிருக்கிறது.

கோணல் கோணலை வளர்த்தல்

இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி இதுவே. முள்ளெலும்பு ஒவ்வொன்றின் மேலும் கீழும் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் படலம் உண்டு. எலும்பு உயர்வது அங்கிருந்துதான். ஜெர்மானிய அறுவை மருத்துவர்களான ஹியூட்டரும் ஃபோல்க்மானும் 1860களில் ஓர் உண்மையைக் கண்டனர்: வளர்ச்சித் தட்டில் அழுத்தம் மிகுந்தால் வளர்ச்சி குன்றும், அழுத்தம் குறைந்தால் வளர்ச்சி மிகும்.

இவ்விதியைச் சற்றே சாய்ந்துவிட்ட முதுகின்மீது பொருத்திப் பாருங்கள். வளைவின் குழிந்த பக்கத்தில் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்க, அங்கே வளர்ச்சி குன்றுகிறது. குவிந்த பக்கத்தில் நெருக்கம் குறைவு. அங்கே வளர்ச்சி ஓங்குகிறது. செங்கல்லாக இருந்த எலும்பு ஆப்பாக மாறுகிறது. ஆப்புகளை அடுக்கினால் வளைவு கூடும். வளைவு கூடினால் குழிந்த பக்கத்தின் அழுத்தம் மேலும் கூடும். எலும்பு மேலும் ஆப்பாகும். கோணலே கோணலை வளர்க்கும் இச்சுழலை லிவர்பூலைச் சேர்ந்த ராபர்ட் ரோஃப் 1960இல் எடுத்துரைத்தார். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் இயான் ஸ்டோக்ஸ் 1990களில் எலிகளின் வால் எலும்புகளை வளைத்துச் சமனற்ற அழுத்தம் தந்து, அவை ஆப்பு வடிவில் வளர்வதை மெய்ப்பித்தார்.

ஒரு சிறு கணக்கு இதன் வலிமையைக் காட்டும். 3 சென்டிமீட்டர் அகலமுள்ள முள்ளெலும்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 2 மில்லிமீட்டர் குறைந்து வளர்ந்தால் அது ஏறத்தாழ 4 பாகை சாய்வாகும். அடுத்தடுத்த ஏழு எலும்புகள் இவ்வாறு சாய்ந்தால் 28 பாகை வளைவு. அரிசியொன்றின் பருமனளவுக்கு வளர்ச்சி பிறழ்ந்தது, அவ்வளவே! வளர்ச்சி மெதுவாக நடக்கும் எட்டு வயதில் இச்சுழல் மெதுவாகச் சுழலும். வளர்ச்சி பாயும் பன்னிரண்டு வயதில் விரைந்து சுழலும். எலும்பு முதிர்ந்தபின் பெரும்பாலும் அடங்கும். ஆகவே, ஒரு குழந்தையின் வளைவு இனி எவ்வளவு கூடும் என்பது, அவளுக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி எஞ்சியிருக்கிறது என்பதைப் பெரிதும் சார்ந்தது. "நிமிர்ந்து உட்கார்" என்னும் அதட்டல் வளர்ச்சித் தட்டை எட்டுவதில்லை. தன் சோம்பலால்தான் இது நேர்ந்தது என்ற குற்றவுணர்வை மட்டுமே அது அக்குழந்தைக்குத் தருகிறது.

இதே விதி முன்பின் தளத்திலும் செயற்படுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்கர் ஷாயர்மன், இளம் உழைப்பாளரின் முதுகில் விறைத்த கூன் ஒன்றைக் கண்டு, முள்ளெலும்புகளின் முன்பக்கம் குறைந்து ஆப்பாவதே அதன் இயல்பு என 1920களின் தொடக்கத்தில் விளக்கினார். அடுத்தடுத்த மூன்று எலும்புகளேனும் ஒவ்வொன்றும் 5 பாகைக்குக் குறையாமல் ஆப்பாகியிருப்பதே இன்றும் அந்நோயின் அளவுகோல். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. 1957இல், அவர்தம் எண்பதாம் வயதில், மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. ஆய்வு மாணவர்கள் இதனைப் படித்து ஆறுதல் கொள்ளலாம்.

ஆங்கில இலக்கியம் பயில்வோர்க்கு ஒரு செய்தி. ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் கூனனாகவும் கொடியவனாகவும் படைத்த மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் வாகன நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கிடைத்தது. 1485இல் போர்க்களத்தில் இறந்த அம்மன்னனுக்கு முதுகு வலப்புறம் கடுமையாக வளைந்திருந்தது உண்மை. ஆயினும் அது பிறவிக் கூனன்று. பத்து வயதுக்குப்பின் வளர்பருவத்தில் உண்டான பக்கவளைவு என்று ஆய்வாளர் 2014இல் உறுதிசெய்தனர். உடை அணிந்திருக்கையில் அது பெரிதும் புலப்பட்டிராது என்பதும் அவர்தம் கருத்து. மந்தரைக்கும் ரிச்சர்டுக்கும் புலவர்கள் ஒரே முறையைக் கையாண்டனர். எலும்போ வேறு கதை சொல்கிறது.

காணும் காலமும் காக்கும் வழியும்

இவ்வளைவு மிகுதியாகப் பெருகும் வயது, பெண் குழந்தை தானே குளிக்கவும் உடலை மறைத்து உடுத்தவும் தொடங்கும் வயதாகும். தாய்கூட மகளின் முதுகைக் கண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். தாவணியும் துப்பட்டாவும் புர்காவும் தோளின் ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும். சட்டையின் அளவெடுக்கும் தையற்காரப் பெண்மணி, "ஒரு பக்கம் விளிம்பு ஏறி நிற்கிறதே" என்று சொல்லித்தான் சில வீடுகளில் முதன்முதலாகத் தெரியவருகிறது. அதற்குள் வளர்ச்சியின் விரைவுக் காலம் கடந்துவிடுவதும் உண்டு.

கண்டறியும் வழி மிக எளிது. வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1865இல் கூறியது அது. குழந்தை கால்களைச் சேர்த்து நின்று, முழங்கால் மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டு முன்னோக்கிக் குனியவேண்டும். பின்னால் நின்று முதுகைச் சமமட்டத்தில் நோக்கினால், ஒரு பக்கம் விலா உயர்ந்திருக்கிறதா என்பது தெரியும். வீட்டுக்குள், தாயோ மூத்த சகோதரியோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதனைச் செய்து பார்க்கலாம். இரண்டு நிமிடமும் ஆகாது.

உயர்வு தென்பட்டால் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்து வளைவை அளப்பார். ஜான் காப் 1948இல் வகுத்த முறைப்படி, வளைவின் இரு முனைகளிலும் மிகச் சாய்ந்துள்ள எலும்புகளுக்கு இடைப்பட்ட கோணமே வளைவின் அளவு. 10 பாகைக்குக் குறைவாயின் அதனைப் பக்கவளைவு எனக் கொள்வதில்லை. 25 பாகை வரை பொதுவாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துவருதலே போதும். அதற்குமேல் 40, 45 பாகை வரை வளர்ச்சி எஞ்சியிருப்போர்க்கு 'பிரேஸ்' என்னும் உடற்கவசம் பயன்படும். குவிந்த பக்கத்தை வெளியிலிருந்து அழுத்திக் குழிந்த பக்கத்தின் சுமையைக் குறைப்பதே அதன் தொழில். ஹியூட்டர், ஃபோல்க்மான் விதியை நமக்குச் சாதகமாகத் திருப்புவது எனலாம். அமெரிக்கா, கனடா நாடுகளில் நிகழ்ந்த பேராய்வு ஒன்றின் முடிவு 2013இல் வெளிவந்தது. கவசம் அணிந்தோரில் 72 விழுக்காட்டினருக்கும், அணியாதோரில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சி நிறைவுற்றது. நாளொன்றுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தோரில் இவ்வெற்றி 90 விழுக்காடும் அதற்கு மேலுமாக இருந்தது. நம் நாட்டு வெயிலில் நெகிழிக் கவசத்தை அவ்வளவு நேரம் அணிதல் எளிதன்று. உள்ளே பருத்தி பனியன் அணிவித்து, பள்ளியிலும் தோழியர் கேலி செய்யாதவாறு ஆசிரியை துணைநின்றால்தான் அக்குழந்தையால் இயலும்.

45, 50 பாகையைக் கடந்த வளைவுகளுக்கு அறுவை மருத்துவம் கருதப்படுகிறது. முள்ளெலும்புகளை ஒட்டிணைத்து நிறுத்துவது நெடுநாள் வழக்கம். வளர்ச்சி எஞ்சியிருக்கும் சிலருக்கு, குவிந்த பக்கத்து எலும்புகளில் திருகாணி பதித்து அவற்றை ஒரு வடத்தால் பிணைக்கும் முறைக்கு அமெரிக்க அரசு 2019இல் ஒப்புதல் தந்தது. குவிந்த பக்கம் கட்டுண்டு நிற்க, குழிந்த பக்கம் வளர்ந்து ஈடுகொடுக்கிறது. ஆந்திரியின் நூலில் கோணலான இளமரம் ஒன்று நேரிய முளையோடு கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கும் படம் உள்ளது. எலும்பு மருத்துவத்தின் சின்னமாக இன்றும் வழங்குவது அது. நாற்காலியைக் குறைகூறிய ஆந்திரிக்கு வளரும் மரத்தின் இயல்பு தெரிந்தே இருந்தது.

பெற்றோர் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் இறுதி வினா, மகளின் பிற்கால வாழ்வு பற்றியதே. வளர்ச்சி முடியும்பொழுது 30 பாகைக்குக் குறைந்திருக்கும் வளைவு, பின்னர்ப் பெருகுவது அரிது. 50 பாகையைக் கடந்ததோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் கூடிக்கொண்டு போகலாம் என்பதால் அதனை மட்டும் தொடர்ந்து பார்த்துவரல் வேண்டும். மிதமான வளைவுடைய பெண், படிக்கவும் பணிபுரியவும் மணந்து மக்களைப் பெற்று வளர்க்கவும் அவ்வளைவு தடையாவதில்லை.